கோழி வளர்க்கலாம் வாங்க!



"டிப்ளமோ படிக்கிறவன் கோழி வளர்க்கணுமா? இதுக்கா மூணு வருஷம் டிராயிங் போர்டைத் தூக்கிக்கிட்டு அலையறோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க. நம்மில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அம்மா முட்டை விற்றுச் சேர்த்த காசுதான் பல பேருக்கு நோட்டுப் புத்தகமாகவும் பரீட்சைக் கட்டணமாகவும் ஆகியிருக்கிறது. அந்தத் தொழிலைக் கொஞ்சம் கணக்கோடும் கொஞ்சம் அறிவியலோடும் செய்தால் என்ன?

இதில் காசு பார்த்தவர்களும் உண்டு. போட்ட காசு கண்ணெதிரே செத்து விழுந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. ஆகவே ஆசை காட்டுவதற்காக இதை எழுதவில்லை. முதன்முதலாகப் பத்துக் குஞ்சு வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எந்தக் கோழி?

முதலில் ஒரு எச்சரிக்கை. பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் போட்டுக் குஞ்சு விற்பார்கள், பார்த்திருப்பீங்க. அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பிறந்த சேவல் குஞ்சுகள். பண்ணைக்குத் தேவை பெட்டைகள் மட்டும்தான். அதனால் பொரித்த அன்றே பிரித்து, சேவல்களைக் கழித்துவிடுகிறார்கள். அதுதான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. தடுப்பு மருந்தும் கிடையாது, கதகதப்பும் கிடையாது. தம்பி தங்கச்சி ஆசைப்பட்டு வாங்கினால் நாலு நாளில் அழுதுகொண்டு நிற்பார்கள். பிழைத்து வளர்ந்தாலும் முட்டை? அது சேவலாச்சே!

நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை என்று நம்ம ஊரிலேயே வகை உண்டு. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். இத்தனையும் முடிந்த பிறகுதான் அடுத்த ஈடு. அதனால் வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் தேறும். ஆனால் தன் இரையைத் தானே கிளறித் தின்னும், வெயில் மழையைத் தாங்கும், கறிக்கு நல்ல விலை போகும்.

பண்ணையில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழி, லெகார்ன் வழி வந்த கலப்பினம். அடைக்கு உட்காரும் குணத்தையே அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஆனால் கணக்கான தீவனம் போட்டே ஆகவேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் புறக்கடைக்கென்றே உருவாக்கிய இனங்கள் இருக்கின்றன. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் வனராஜா, கிராமப்ரியா, நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆகியவை அப்படி வந்தவை. கொல்லையில் மேய இடம் இருக்கிற புதியவருக்கு நாட்டுக்கோழியோ இந்த வகையோதான் பொருத்தம்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கும். சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுமா? தாராளமாக இடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

சாகாது என்று பழமொழி சொல்கிறது. சரிதான். ஆனால் தாய்க்கோழி இல்லாத இடத்தில் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்! குளிர் தாங்காமல் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். காலையில் வந்து பார்த்தால் 25 குஞ்சில் எட்டு தட்டையாகக் கிடக்கும். நோயும் இல்லை, விஷமும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது, அவ்வளவுதான்.

பிறந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் இறக்கைக்குள் கிடைக்கும் அந்தக் கதகதப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நம்ம ஊர் வெயில் காலத்தில் பகலில் சூடே தேவைப்படாது. ஆனால் விடியற்காலைக் குளிரை மறந்துவிடக் கூடாது. சாதாரணமாக மூன்று, நான்கு வாரத்தில் விளக்கை எடுத்துவிடலாம்.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது நம்ம ஊர்க் கணக்கு. 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எலக்ட்ரிக்கல் நண்பர்களே, இங்கேதான் உங்கள் வேலை! இப்போது வீடு முழுக்க எல்.ஈ.டி. பல்புதான். 9 வாட் எல்.ஈ.டி. பளிச்சென்று எரியும், ஆனால் குஞ்சுக்கு வேண்டிய சூடு அதில் வராது. "லைட்டு எரியுதே, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இழை காய்ந்து எரியும் பழைய குண்டு பல்போ, அகச்சிவப்பு பல்போதான் வேண்டும்.

அமைப்பு ரொம்பச் சுலபம். தகரம், அட்டை, பாய் எது கிடைத்தாலும் சரி, ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். 25 குஞ்சுக்கு 3 அடி விட்டம் போதும், வாரா வாரம் அகலப்படுத்திக்கொண்டே போகலாம். ஏன் வட்டம்? மூலை இருந்தால்தானே மூலையில் ஏறி நெரியும்! உள்ளே இரண்டு அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்பி, மேலே முதல் சில நாளைக்குப் பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி விரியுங்கள். இல்லையென்றால் தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும். பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். வழவழப்பான தாள் வேண்டாம், கால் சறுக்கிப் பிளந்துகொள்ளும்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சே தெர்மாமீட்டர்தான். பல்புக்கு நேர் கீழே நெருக்கிக்கொண்டு கத்தினால் சூடு போதவில்லை, பல்பைக் கொஞ்சம் இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு இளைத்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் தின்றும் திரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், நீங்களும் போய்த் தூங்கலாம்.

கரண்ட் போனால்? மண்சட்டியில் கரி நெருப்பு வைப்பது பழைய வழக்கம். வைக்கலாம், ஆனால் புகை அடங்கிக் கனிந்த கரியாக இருக்க வேண்டும், அறையில் காற்றோட்டமும் வேண்டும். மூடிய அறையில் வைத்தால் கரிவாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் நம்மையும் கொல்லும். பத்துக் குஞ்சு என்றால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே கோணிச்சாக்கு போட்டாலே தாக்குப்பிடிக்கும்.

முதல் நாள் சாப்பாடு

பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சை எப்படி நாலு ஜில்லா தாண்டி இரை தண்ணீர் இல்லாமல் அனுப்புகிறார்கள் என்று யோசித்ததுண்டா? முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சமிருந்ததை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. இரண்டு நாள் வரை அந்தக் கட்டுச்சோறு தாங்கும். அதற்காக நாம் தாமதிக்கக் கூடாது. வந்ததும் முதலில் தண்ணீர். கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் லேசாக நனைத்துவிடுங்கள். ஒன்று குடிக்கக் கற்றால் மற்றது பார்த்துப் பழகிக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் உள்ளே விழுந்து நனையாது.

பிறகு உடைத்த மக்காச்சோளமோ கம்போ பேப்பரில் தூவுங்கள். அடுத்து குஞ்சுத் தீவனம். இதில் புரதம் சுமார் 20 சதவீதம் இருக்க வேண்டும். வளர்ந்த பருவத்துக்கு 16 சதவீதம் போதும். முட்டை இடும்போது 16 முதல் 18 சதவீதத்தோடு, சுண்ணாம்புச் சத்தும் மூன்றரை சதவீதம் அளவுக்கு வேண்டும். "எல்லாம் தீவனம்தானே" என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால், அந்தச் சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

புரதத்துக்கு நம்ம தாத்தா பாட்டி கண்ட வழி கரையான். பழைய பானையில் ஈரச் சாணம், கிழிந்த கோணி, காய்ந்த ஓலை எல்லாம் திணித்து, கரையான் நடமாடும் மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகள் போட்டி போட்டுக்கொண்டு கொத்தும். செலவு பூஜ்யம்! ஆனால் பூசணம் பிடித்த சோளம், நனைந்த கடலைப் புண்ணாக்கு இரண்டையும் எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தின்றுவிடும்.

ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும்

கிராமத்தில் "சீக்கு வந்து எல்லாம் போச்சு" என்றால் அது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், இரண்டே நாளில் கூடு காலி. இது ஒரு வைரஸ் நோய். வந்த பிறகு மருந்தே கிடையாது. வருமுன் காப்பதுதான் ஒரே வழி. 1920-களின் கடைசியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட் ஊரில் நம் நாட்டில் முதலில் கண்டறிந்ததால் இதற்கு ராணிக்கெட் நோய் என்றே பெயர். இதற்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் நம் அரசு நிலையமோ 1932-ல் தொடங்கி ராணிப்பேட்டையில் இருக்கிறது. நோய் ராணிக்கெட்டிலிருந்து, மருந்து ராணிப்பேட்டையிலிருந்து! இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் வைவாவில்கூட மறக்காது.

முதல் வாரக் கடைசியில் கண்ணில் ஒரு சொட்டு. இரண்டாவது வாரக் கடைசியில் கம்போரோ நோய்க்கு ஒரு சொட்டு. நான்காவது வாரம் மறுபடி ராணிக்கெட் மருந்து. ஆறேழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ராணிக்கெட் ஊசி. இதுதான் பொதுவான முறை. பகுதிக்குப் பகுதி சிறிது மாறும் என்பதால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடக்கும்.

ஒரு விஷயம். மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல்தான் வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர். அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். உங்கள் கோழிக்குப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கோழியை விட்டுவிட்டால் சீக்கு தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தரை ஈரமாக இருந்தால் ரத்தக் கழிச்சல் வரும். உமியைக் கையில் அள்ளிப் பிடியுங்கள். உருண்டையாக ஒட்டினால் ஈரம் அதிகம். தினமும் கிளறி, தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். உள்ளே போனதும் கண் எரிந்தால் அமோனியா சேர்ந்துவிட்டது என்று பொருள். திடீரென்று ஒரே நாளில் நிறையக் கோழி செத்தால் அறுத்துத் தின்னவும் வேண்டாம், ஆற்றில் போடவும் வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இது வெறும் கோழி விஷயம் இல்லை, ஊர் விஷயம்.

சிவில்காரர்களுக்கு ஒரு வேலை

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே அடிக்காது. பக்கச் சுவர் ஒன்றரை அடி, அதற்கு மேல் கம்பிவலை, கூரை மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். எந்நேரமும் உள்ளேயே வளரும் முட்டைக்கோழிக்குத் தலைக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். பகலில் மேய்ந்துவிட்டு ராத்திரி அடைய மட்டும் என்றால் 1 சதுர அடி போதும். கீரி, பூனை, தெருநாய் மூன்றையும் மனதில் வைத்து வலை கட்டுங்கள். கீரிக்கு இரண்டு அங்குலச் சந்து போதும். பகலில் குஞ்சை மேயவிட்டால் பருந்துக்குப் பயந்து பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது இன்றைக்கும் நல்ல முறைதான். முட்டையிட நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி, இருட்டான மூலையில் வையுங்கள்.

கோழிக்கு வியர்க்காது. அதனால் சூடு ஏறினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் தணித்துக்கொள்ளும். அப்படி வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். முட்டை ஓடோ பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதற்கு வேண்டிய கார்பனேட் குறைவதால்தான் சித்திரை வெயிலில் தோல் முட்டையும் மெல்லிய ஓட்டு முட்டையும் வருகின்றன. கூரையில் தென்னங்கீற்றுப் போட்டுத் தண்ணீர் தெளிப்பதும், குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வைப்பதும்தான் வைத்தியம். சாதாரண நாளில் தின்னும் தீவனத்தைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, வெயிலில் நாலு பங்கு வரை குடிக்கும்.

முட்டை எப்படி வருகிறது?

மஞ்சள் கரு விடுபட்டதிலிருந்து முட்டை வெளியே வர சுமார் 25 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக் கரு சுற்ற மூன்று மணி நேரம், சவ்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மீதி சுமார் 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்குத்தான். 24-க்குப் பதில் 25 என்பதால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாமதமாகி, ஒரு நாள் விட்டுப்போகும். அன்றைக்குக் கோழியைத் திட்டாதீர்கள்! ஓட்டின் பெரும்பகுதி ராத்திரியில் உருவாகிறது. அதனால் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலம் வைப்பது நல்லது.

முட்டையிடும் கோழிக்குப் பகல் வெளிச்சமும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குப் போய் முட்டையிடச் சொல்லும் சுரப்பியைத் தூண்டுகிறது. இங்கே எல்.ஈ.டி. தாராளமாகப் போடலாம், சூடு தேவையில்லையே! வளரும் வெடைக்கோழிக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் வேண்டாம். உடம்பு தேறும் முன்பே முட்டையிடத் தொடங்கிக் கஷ்டப்படும்.

கணக்குப் பார்க்கலாமா?

இதுதான் முக்கியமான இடம். விலை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் விலை சொல்லாமல் வழி சொல்கிறேன். வீரிய முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். பத்துக் கோழிக்கு 1 கிலோ 100 கிராம். பத்தில் எட்டு முட்டை இட்டால், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 140 கிராம் தீவனம். அதாவது ஒரு கிலோ தீவனத்தின் விலையை ஏழால் வகுத்தால் ஒரு முட்டையின் தீவனச் செலவு வந்துவிடும். மொத்தச் செலவில் தீவனமே சுமார் 70 சதவீதம் என்பது பொது அனுபவம். உங்கள் ஊரில் முட்டை என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். லாபமா நஷ்டமா என்று அந்தத் துண்டுச் சீட்டே சொல்லிவிடும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் கணக்கு. குஞ்சு முட்டையிட 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை ஒவ்வொன்றும் சுமார் 7 கிலோ தீவனம் தின்றிருக்கும். ஐந்து மாதம் காசு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே ஒரு பைசா வராது. மூன்றாவது மாதம் கையில் காசில்லாமல் தீவனத்தைக் குறைத்து, தவிட்டையும் பழைய சோற்றையும் மட்டும் போட்டால் அந்தக் கோழி பிறகு எப்போதுமே சரியாக முட்டையிடாது. அதனால் ஐந்து மாதத் தீவனக் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் குஞ்சு வாங்க வேண்டும். கடன் வாங்கி ஐந்நூறு குஞ்சு இறக்குவதைவிடக் கைக்காசில் பத்துக் குஞ்சு மேல்.

நாமக்கல்லைப் பார்த்து மலைத்துப்போகாதீர்கள். லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவர்களின் விலையோடு நாம் மோத முடியாது. அங்கே 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலைதான் சந்தையை நடத்துகிறது. நம் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கொல்லையில் மேயும் இரைக்குக் காசில்லை, நாட்டு முட்டைக்கு விலை அதிகம், வாங்குபவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்.

"நாங்களே குஞ்சு தர்றோம், நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம், மாசா மாசம் பணம் தர்றோம், டெப்பாசிட் மட்டும் கட்டுங்க" என்று யாராவது வந்தால் 2012-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டம் கவிழ்ந்தபோது எத்தனையோ குடும்பம் நகையும் நிலமும் அடகு வைத்துப் போட்ட பணத்தை இழந்தது. ஈமு பறவை மேல் தப்பில்லை. அதன் முட்டையையும் கறியையும் கடைசியில் யார் காசு கொடுத்துச் சாப்பிடப்போகிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, அதுதான் தப்பு. எந்தத் தொழிலுக்கும் முதல் கேள்வி அதுதானே நண்பர்களே?

எப்போது தொடங்கலாம்?

ஏப்ரல் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். ஹாஸ்டலில் இருந்துகொண்டு, "அம்மா பாத்துக்குவாங்க" என்று பொறுப்பை வீட்டில் தள்ளிவிடாதீர்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. குஞ்சு வந்த தேதி, தடுப்பு மருந்து போட்ட தேதி, தீவனம் வாங்கிய அளவு, செத்தது எத்தனை, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். லேப் ரெக்கார்டு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா என்ன?

லீவு முடிந்து நீங்கள் மறுபடி பஸ் ஏறும்போது குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருக்கும். அக்டோபர் பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் கொல்லைப் பக்கம் ஒரு கோழி முதல் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டும். பொடி முட்டையாகத்தான் இருக்கும். விற்க வேண்டாம். வீட்டில் யார் சின்னவரோ அவருக்குக் கொடுங்கள். இரண்டாவது முட்டையிலிருந்து கணக்கு எழுதுங்கள்!

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்